ரிங்குக்கு வெளியே நின்ற எலிசபெத்

ரெஸ்லிங்கில் 'வலே' என்று ஒரு வேலை இருக்கிறது. வீரரோடு சேர்ந்து நடந்து வர வேண்டும். அவர் கழற்றித் தருகிற மினுமினுப்பு அங்கியை வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். அவர் உள்ளே போக வசதியாகக் கயிற்றை விலக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு வெளியே நின்று, அவர் அடிக்கும்போது கைதட்டி, அடி வாங்கும்போது பதற வேண்டும். தேவைப்பட்டால் நடுவரின் கவனத்தைத் திருப்ப வேண்டும், இன்னும் தேவைப்பட்டால் எதிராளியின் கையில் அகப்பட்டு அலற வேண்டும். மனேஜர் என்பது இதைவிடக் கொஞ்சம் மேலான வேலை. பொபி ஹீனன், ஜிமி ஹார்ட் மாதிரி ஆட்கள் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்கள், வீரருக்கும் சேர்த்து அவர்களே கதைப்பார்கள். வலே கதைப்பது குறைவு. அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

அந்த வேலையைச் செய்தவர்களில் உலகத்துக்கே தெரிந்தவர் மிஸ் எலிசபெத். முழுப்பெயர் எலிசபெத் ஆன் ஹியூலெட். 1960 நவம்பர் 19, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிராங்க்ஃபோர்ட் என்ற ஊரில் பிறந்தார். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் தொடர்பாடல் படித்துப் பட்டம் பெற்றவர். இதை நான் வேண்டுமென்றேதான் முதலே சொல்கிறேன். ஏழு வருடம் அந்த நிறுவனத்தின் டிவியில் வந்துபோன ஒருவர் தொடர்பாடல் பட்டதாரி என்பது, அவர் அங்கே வாய் திறந்து கதைத்த நேரத்தை வைத்துப் பார்த்தால் யாருக்கும் தோன்றாது.

லெக்சிங்டனில் ஒரு ஜிம்மில் வேலை செய்துகொண்டிருந்தபோது ரண்டி பொஃபோவைச் சந்தித்தார். ரெஸ்லிங் உலகத்தில் அவர் பெயர் ரண்டி சவேஜ், 'மச்சோ மான்'. ரண்டியின் அப்பா அந்தப் பக்கத்தில் சிறிய ரெஸ்லிங் நிறுவனம் ஒன்றை நடத்தினார். அதன் டிவி நிகழ்ச்சியில் எலிசபெத் தொகுப்பாளராக வந்தார். கவனியுங்கள், அங்கே அவருக்கு மைக் இருந்தது. 1984 டிசம்பர் 30 அன்று இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அடுத்த வருடம் ரண்டிக்குப் பெரிய நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இல் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ) இடம் கிடைத்தது.

1985 ஆகஸ்டில் அவர்கள் அமைத்த அறிமுகம் கெட்டித்தனமானது. புதிதாக வந்த சவேஜைத் தங்கள் பக்கம் இழுக்க எல்லா மனேஜர்மாரும் போட்டி போடுகிறார்கள். கடைசியில் சவேஜ் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, 'இவதான் என்ட மனேஜர்' என்று ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறார். எலிசபெத் நடந்து வருகிறார். கத்தலும் வியர்வையும் எண்ணெய் பூசின உடம்புகளும் நிறைந்த ஒரு இடத்துக்குள் மாலை விருந்துக்குப் போகிற மாதிரி உடுத்துக்கொண்டு ஒருத்தி வந்தால் எப்படி இருக்கும்? கூட்டம் அமைதியாகிவிடுகிறது. அவர் சவேஜின் மனைவி என்று யாரும் சொல்லவில்லை. அவர் 'மிஸ்'.

ரெஸ்லிங்கில் 'கேஃபேப்' என்று ஒரு சொல் உண்டு. எழுதி வைத்துச் செய்வதை உண்மையென்று காட்டுவது, அந்தக் காட்டுதலை ரிங்குக்கு வெளியிலும் காப்பாற்றுவது. வில்லனும் கதாநாயகனும் ஒரே காரில் போகக்கூடாது என்பது போன்ற சட்டங்கள் அந்தக் காலத்தில் இருந்தன. நாடகமும் அரங்கியலும் படிக்கிற எனக்கு இந்தச் சொல்லில் இருந்துதான் ரெஸ்லிங் பிடிக்கத் தொடங்கியது. அதற்கு முதல் அது அண்ணாவின்ட விசயம். பெடியள் டென் ஸ்போர்ட்ஸ் பார்த்துப்போட்டு தலையணையை மெத்தையில் போட்டு அடிப்பார்கள், ரெஸ்லிங் காட்ஸ் வைத்து உயரம், நிறை, ரேங்க் என்று கூவி விளையாடுவார்கள். பெண்ணின் காட் கையில் வந்தால் அந்த ரவுண்ட் போச்சு, நிறை குறைவு. அதை மெதுவாகக் கட்டின் அடியில் செருகிவிடுவார்கள்.

சரி, எலிசபெத். வசனமில்லாத பாத்திரத்தை எப்படி நடிப்பது என்று யாராவது கேட்டால் நான் அவரின் பழைய வீடியோக்களைத்தான் காட்டுவேன். சவேஜ் ஒரு இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. குரல் கரகரவென்று ஏறி இறங்கும், விரல் காற்றில் சுழலும், கண்ணாடி போட்டிருந்தாலும் கண் உருளுவது தெரியும். அவர் ஒரு பேட்டியில் உலகத்தையே திட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் எலிசபெத் அசையாமல் நிற்பார். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. சவேஜ் திடீரென்று திரும்பி அவரைப் பார்த்துக் கத்துவார். அப்போது ஒரு கணம் கண் இமை தாழும், அவ்வளவுதான். அந்த ஒரு கணத்தில் பார்வையாளர் முழுக்க அவர் பக்கம் போய்விடுவார்கள். சவேஜ் வில்லன் என்று கூட்டம் நம்பியதில் பாதி வேலை அந்த இமையினுடையது என்று எனக்குத் தோன்றும்.

அண்ணா இதை ஒத்துக்கொள்ளமாட்டார். 'அவ ஒண்டும் செய்யேல்லையேடி, சும்மா வடிவா நிண்டவதானே' என்பார். சும்மா நிற்பது லேசான வேலை என்று நினைக்கிற ஆட்களை மேடையில் ஏற்றி, கையில் ஒன்றும் கொடுக்காமல் பத்து நிமிடம் நிற்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் வருடச் செயன்முறை வகுப்பிலேயே பாதிப்பேருக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விடும்.

அவரைச் சுற்றிக் கட்டின கதைகள் எல்லாவற்றுக்கும் எரிபொருள் ஒன்றுதான்: சவேஜின் பொறாமை. 1986இல் ஜோர்ஜ் ஸ்டீல் என்ற, பச்சை நாக்கோடு, ரிங்கின் மூலைப் பஞ்சைக் கடித்துத் தின்கிற பாத்திரத்துக்கு எலிசபெத் மீது ஒரு மயக்கம் வருகிறது. குழந்தை மாதிரி ஒரு மயக்கம்தான். ஆனால் சவேஜுக்கு அது கொலைவெறி. அந்தக் கதை வருடக்கணக்காக இழுபட்டு, 1987 மார்ச் 29 ரெஸ்ல்மேனியா மூன்றாவது நிகழ்ச்சிக்கு வந்து சேர்ந்தது. நிறுவனம் சொன்ன கணக்குப்படி 93,173 பேர் (இந்த எண்ணில் சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்). அன்று சவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடின போட்டியை எல்லாக் காலத்துக்குமான சிறந்த போட்டிகளில் ஒன்று என்கிறார்கள், பார்த்தால் நீங்களும் சொல்லுவீர்கள். கடைசியில் சவேஜ் தோற்றதற்குக் காரணம் ஸ்டீல் இடையில் புகுந்தது. ஸ்டீல் அங்கே நின்றதற்குக் காரணங்களில் ஒன்று எலிசபெத்.

திரையில் காட்டின பொறாமை திரைக்குப் பின்னாலும் இருந்தது என்பதைச் சக வீரர்கள் பலர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். உடை மாற்றும் அறைப்பக்கம் எலிசபெத்தை மற்ற ஆண்களோடு கதைக்க ரண்டி விடுவதில்லை, தனி அறையில் இருத்திவிட்டுத்தான் போவார் என்று ஒரே மாதிரிக் கதைகள் பல வாயிலிருந்து வருகின்றன. அவர்கள் அதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். 'ரண்டி அப்படித்தான், அவருக்கு அவவில அவ்வளவு விருப்பம்.'

இந்த வசனத்தை நான் வேறு இடத்தில் கேட்டிருக்கிறேன். கம்பஸ் வந்த புதிதில் எங்கட பச்சில் ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் கோல் வரும். எங்கே, யாரோடு, பின்னால கேக்கிற குரல் யார்ட? வீடியோ கோல் எடுத்து வகுப்பறையைச் சுற்றிக் காட்டச் சொல்லுவார் அந்தக் காதலர். நாங்கள் அதைக் 'கெயார்' என்று சொல்லிப் பகிடி பண்ணினோம். அந்தப் பிள்ளையும் சிரிக்கும். எலிசபெத்தின் பழைய வீடியோக்களில் சவேஜ் கத்தும்போது அவர் இமை தாழ்வதைப் பார்க்கிறபோது, அது நடிப்பா, வீட்டில் பழகினதா என்று பிரித்தறிய என்னால் முடியவில்லை. கேஃபேப்பின் வசதியே அதுதான். உண்மையை நடு மேடையில் வைத்தாலும் நாடகம் என்றுதான் எண்ணுவார்கள்.

1987 ஒக்டோபரில் ஒரு நிகழ்ச்சி. ஹொங்கி டொங்க் மான் என்கிற வில்லன், பிடிபட்டு நிற்கிற சவேஜைக் கிட்டாரால் அடிக்கப் போகிறார். எலிசபெத் குறுக்கே போய் நிற்கிறார். ஹொங்கி அவரைத் தள்ளி விழுத்துகிறார். எழும்பி உள்ளே ஓடிய எலிசபெத், ஹல்க் ஹோகனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார். அங்கேயிருந்து சவேஜும் ஹோகனும் கூட்டாளிகள். 1988 மார்ச்சில் சவேஜ் சம்பியனாகிறார். அதே ஆகஸ்டில் முதலாவது சமர்ஸ்லாம். எலிசபெத் நீச்சலுடையில் வருவார் என்று முன்கூட்டியே ஆசை காட்டி டிக்கெட் விற்றார்கள். போட்டியின் இக்கட்டான நேரத்தில் அவர் ரிங்கின் விளிம்பில் ஏறிப் பாவாடையைக் கழற்ற, எதிர்ப்பக்கம் வாயைப் பிளந்து நிற்க, ஹோகனும் சவேஜும் வெல்கிறார்கள். மூன்று வருடம் 'குடும்பப் பெண்' என்று தூக்கி வைத்திருந்த அதே கூட்டம்தான் அன்று அதிகம் கத்தியது. இதை எழுதி முடிவெடுத்த அறையில் எத்தனை ஆண்கள் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

1989 பெப்ரவரி 3. சவேஜ் ரிங்கிலிருந்து எறியப்பட்டு எலிசபெத்தின் மேல் விழுகிறார். எலிசபெத் மயக்கம். ஹோகன் அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறார், சவேஜ் தனியே விடப்படுகிறார். பிறகு சிகிச்சை அறையில் சவேஜ் வெடிக்கிறார்: நீ என்ட பொம்பிளையிலதான் கண் வைத்திருக்கிறாய் என்று. கட்டிலில் கிடக்கிற பெண்ணைச் சுற்றி இரண்டு ஆண்கள் அவள் யாருக்கு என்று சண்டை. அடுத்த ரெஸ்ல்மேனியாவில் அவர்கள் இருவரும் மோதினார்கள். எலிசபெத் இரண்டு பேருக்கும் பொதுவாக நடுவில் நிறுத்தப்பட்டார். ஒரு தகவல்: அதே பெப்ரவரியில்தான் டபிள்யூ.டபிள்யூ.எஃப்., விளையாட்டு ஆணையங்களின் கட்டுப்பாட்டிலிருந்து தப்புவதற்காக, நியூ ஜேர்சி மாநிலச் சட்டசபையிடம் 'எங்களுடையது போட்டி விளையாட்டு இல்லை, பொழுதுபோக்கு' என்று ஒப்புக்கொண்டது.

இப்போது இன்னொரு பெண் வருகிறார், எனக்கு அவரையும் விடமுடியாது. ஷெரி மார்ட்டெல். எலிசபெத்துக்குப் பிறகு சவேஜின் பக்கத்தில் வந்து நின்றவர். அலபாமாவில் 1958இல் பிறந்தவர், முறையாகப் பயிற்சி எடுத்த ரெஸ்லர். 1987 ஜூலையில் ஃபேபியுலஸ் மூலாவைத் தோற்கடித்துப் பெண்கள் சம்பியன் ஆனார். பதினான்கு மாதம் பெல்ட் அவரிடம் இருந்தது. 1988 ஒக்டோபரில் பாரிஸில் ரொக்கின் ரொபினிடம் தோற்றார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 1990இல் அந்தப் பட்டமே கைவிடப்பட்டது. 1993 டிசம்பர் வரை அந்த நிறுவனத்தில் பெண்களுக்கு என்று ஒரு பெல்ட் இல்லை. நன்றாகச் சண்டை பிடிக்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு வேலை வேண்டுமென்றால், ஒரு ஆணின் அங்கியைப் பிடிக்கிற வேலைதான் இருந்தது.

ஷெரி அதை எடுத்தார், எடுத்து என்ன செய்தார் என்பதுதான் விசயம். முகத்தில் பெயின்ட் அடித்தார். கத்தினார், கீறினார், சப்பாத்தால் அடித்தார். எதிராளி தூக்கி எறிய வேண்டும் என்றால் உண்மையான ரெஸ்லர் மாதிரியே விழுந்தார், ஏனென்றால் அவர் உண்மையான ரெஸ்லர். 1991 ஜனவரியில் அல்டிமேட் வோரியரிடம் சவேஜுக்கு ஒரு சம்பியன்ஷிப் வாய்ப்புக் கேட்டு முழங்காலில் நின்று கெஞ்சுகிற ஒரு காட்சி இருக்கிறது. வோரியர் உறுமிக்கொண்டு நிற்கிறார். ஷெரி குரலை மாற்றி, உடலை மாற்றி, கண்ணை மாற்றி, ஒரு முழுக் காட்சியைத் தனியே இழுத்துச் செல்கிறார். அந்த நிறுவனத்தின் அந்த வருடத்துச் சிறந்த நடிப்பு அதுதான் என்பது என்ட கருத்து. அடிபிடி போட விரும்புகிறவர்கள் கொமென்ட்டில் வரலாம்.

எலிசபெத் 'நல்ல பெண்', ஷெரி 'கெட்ட பெண்'. ஒருவர் மௌனம், மற்றவர் கூச்சல். இரண்டும் ஒரே ஆணின் இரண்டு பக்கம். 1991 மார்ச் 24, லொஸ் ஏஞ்சலிஸில் ரெஸ்ல்மேனியா ஏழு. தோற்பவர் ஓய்வு பெற வேண்டும் என்ற நிபந்தனையில் சவேஜுக்கும் வோரியருக்கும் போட்டி. சவேஜ் மேல் கயிற்றிலிருந்து ஐந்து தரம் முழங்கையால் குதிக்கிறார், வோரியர் எழும்பிவிடுகிறார். கடைசியில் சவேஜ் தோற்றுக் கிடக்கிறார். ஷெரிக்கு வேலை போய்விட்டது என்று விளங்குகிறது. கிடக்கிற ஆளை உதைக்கத் தொடங்குகிறார். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து எலிசபெத் தடுப்பைத் தாண்டி ஓடி வருகிறார். ஷெரியை மயிரில் பிடித்து வெளியே எறிகிறார். சவேஜ் எழும்பி, தன்னைக் காப்பாற்றினது யார் என்று பார்க்கிறார். இருவரும் கட்டிப்பிடிக்கிறார்கள். கமரா கூட்டத்துக்குத் திரும்ப, வளர்ந்த ஆட்கள், பெண்கள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பழக்கத்தில் எலிசபெத் போய்க் கயிற்றை விலக்கிப் பிடிக்கிறார். சவேஜ் அவரை மறித்துவிட்டு, தானே கயிற்றைத் தூக்கி அவருக்கு வழி விடுகிறார்.

நான் இதை எத்தனை தரம் பார்த்தேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தரமும் தொண்டை அடைக்கிறது. ஆறு வருடம் ஒரு பெண்ணைக் கத்தி, மறைத்து, சந்தேகப்பட்டு நடத்தினதுக்கு விலை ஒரு கயிற்றைத் தூக்கிப் பிடிப்பதுதானா என்று தலை கேட்கிறது. கண் அதைக் கேட்பதில்லை. பெண்ணியம் படித்த என்ட வகுப்புத் தோழி ஒருத்திக்கு இதைப் போட்டுக் காட்டினேன். பார்த்து முடிய, 'இது சரியான மோசமான சாமான்' என்று சொல்லிப்போட்டு மூக்கை உறிஞ்சினாள்.

அந்த ஆகஸ்ட் 26, நியூயோர்க்கில், மடிசன் ஸ்குவெயார் கார்டனில், ரிங்குக்குள்ளேயே அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. வெள்ளை உடுப்பு, பூ, காசு கட்டிப் பார்க்கிற மக்கள். ஏழு வருடமாகப் புருசன் பெண்சாதியாக இருந்த இருவர் முதல்தரம் கைபிடிப்பதாக நடித்தார்கள். கல்யாண விருந்தில் பரிசுப்பெட்டிக்குள் நாகபாம்பு, பிறகு ஜேக் ரொபர்ட்ஸ் எலிசபெத்தின் கன்னத்தில் அறைவது, பிறகு 1992இல் ரிக் ஃபிளேயர் 'அவள் உனக்கு முதல் எனக்கு' என்று படங்களைக் காட்டுவது என்று கதை ஓடியது. அவரது மானம்தான் கதையின் கருப்பொருள், அதைக் காப்பது சவேஜின் கடமை. நாடகக் கல்யாணத்துக்கு ஒரு வருடம் கழிய, 1992இல், உண்மைக் கல்யாணம் விவாகரத்தில் முடிந்தது. எலிசபெத் திரையிலிருந்து போய்விட்டார்.

மூன்றரை வருடத்துக்குப் பிறகு 1996 ஜனவரியில் போட்டி நிறுவனமான டபிள்யூ.சீ.டபிள்யூ.வில் திரும்பி வந்தார், மறுபடியும் சவேஜின் பக்கத்தில். பெப்ரவரியில் தன் சப்பாத்தைக் கழற்றி ஃபிளேயரிடம் கொடுக்க, ஃபிளேயர் அதால் சவேஜை அடித்து வெல்கிறார். அதுக்குப் பிறகு வந்த கதையில், விவாகரத்தில் சவேஜிடம் வாங்கின காசை நாங்கள் செலவழிக்கிறோம் என்று ஃபிளேயர் பெருமை அடிக்கிறார். உண்மையாகப் பிரிந்த இரண்டு பேரை வைத்து இதை எழுதினார்கள், அவர்களும் நடித்தார்கள். 1999 ஜனவரியில் கோல்ட்பேர்க் தன்னைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தார் என்று எலிசபெத்தை வைத்துப் பொய் முறைப்பாடு செய்ய வைக்கிற ஒரு கதை. பெண்கள் சொல்கிற முறைப்பாட்டுக்கு எங்கட ஊரில் என்ன மதிப்பு என்று தெரிந்த யாருக்கும் அதைப் பார்க்க வயிறு எரியும். இந்தக் காலத்து எலிசபெத் கத்துகிறார், சிரிக்கிறார், கறுப்பு உடுப்பில் வருகிறார். எனக்கு அந்த வீடியோக்களில் அவரைக் காணப் பிடிக்காது. ஆனால் முந்தினதுதான் 'உண்மையான' எலிசபெத் என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. இரண்டும் யாரோ எழுதிக் கொடுத்ததுதான்.

2000இல் டபிள்யூ.சீ.டபிள்யூ.வை விட்டார். லெக்ஸ் லூகர் என்ற ரெஸ்லரோடு ஜோர்ஜியாவில் மரியெட்டாவில் வாழ்ந்தார், லூகரின் ஜிம்மில் முன்மேசையில் வேலை செய்தார். 2003 ஏப்ரலில் எலிசபெத்தைத் தாக்கினார் என்று லூகர் மீது பொலிஸ் வழக்குப் போட்டது. இரண்டு கிழமை கழியவில்லை. மே 1ஆம் திகதி அந்த வீட்டிலேயே எலிசபெத் இறந்தார். வலிநிவாரணி மாத்திரைகளும் மதுவும் கலந்ததால் வந்த மரணம், விபத்து என்று தீர்மானித்தார்கள். வயது 42. ஷெரி 2006இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் ஹோல் ஒஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார், அடுத்த வருடம் ஜூன் 15 அன்று இறந்தார். அதுவும் மருந்துகள்தான், அதுவும் விபத்துத்தான். வயது 49. சவேஜ் 2011 மேயில், கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது இதயம் நின்று.

அந்தத் தலைமுறை ஆண் ரெஸ்லர்களில் இப்படிச் செத்தவர்களின் பட்டியல் நீளம். வாரத்தில் பல நாள் ஓடி ஓடி ஆட்டம், உடம்பு நோவுக்கு மாத்திரை, நித்திரைக்கு வேறு மாத்திரை. ஒப்பந்தத்தில் அவர்கள் 'ஊழியர்' இல்லை, சுயாதீன ஒப்பந்தக்காரர். நிறுவனத்தின் மருத்துவக் காப்புறுதி கிடையாது. வலேக்கும் அதே பயணம், அதே ஹோட்டல் அறை. செத்த பிறகு எழுதுகிறபோது ஆண்களுக்கு அவர்கள் ஆடின போட்டிகளை வரிசையாகப் போடுகிறார்கள். எலிசபெத்துக்கு அவர் யார் யாருடன் நடந்து வந்தார் என்று போடுகிறார்கள். நானும் இங்கே வேறு வழியில்லாமல் அதைத்தான் செய்திருக்கிறேன், திரும்ப வாசித்துப் பாருங்கள், பந்திக்குப் பந்தி ஒரு ஆணின் பெயர்.

ஆகவே கடைசியாக ஒரு சின்ன விசயம், யூடியூபில் பார்க்கப் போகிறவர்களுக்கு. அந்த ரெஸ்ல்மேனியா ஏழில் சவேஜும் வோரியரும் மோதத் தொடங்குமுன், கமரா கூட்டத்துக்குள் தேடி எலிசபெத்தைக் கண்டுபிடிக்கும். பெரிய அலங்காரம் இல்லை, பக்கத்தில் யாரோ தெரியாத சனங்கள். வருடக்கணக்கில் அந்த ரிங்கைச் சுற்றி நின்றே பார்த்த போட்டிகளில், அவர் எல்லாரையும் மாதிரி ஒரு கதிரையில் இருந்து பார்க்கிறார். அந்தக் கொஞ்ச நேரம்.